சென்டர் ஸ்பீக்கர்: இரண்டரை ஆண்டுத் தவறும் அதன் பிறகான நான்கு ஆண்டுகளும்

செங்கோட்டையில் சாரல் தொடங்கிவிட்டால் மாலை ஆறு மணிக்கு மேல் வெளியில் வேலை இருக்காது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கும் காற்றும் தூறலும் ஓட்டின் மேல் விடாமல் சத்தமிட்டுக்கொண்டிருக்க, அதனடியில் உட்கார்ந்து படம் பார்ப்பது எங்கள் வீட்டில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வழக்கம். அந்தச் சத்தத்தை மீறி வசனம் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காகவே 2018இல் ஒரு ரிசீவரும் (ஒலியைத் தடம் பிரித்துப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) ஐந்து அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலியும் நடு ஒலியும் தரும் கூம்பு) கொண்ட சிறிய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஜோடி ஒன்றும் வாங்கினேன். திரைக்கு நேர் நடுவில் வைக்கும் சென்டர் ஸ்பீக்கரை மறு ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதில்தான் சிக்கல் தொடங்கியது.

ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் ஆழ்ந்த ஒலிக்கு மட்டுமான ஒரு சப்வூஃபருக்குமாகக் கலக்கும் 5.1 ஒலிக்கலவையில் வசனத்தின் பெரும்பகுதி சென்டர் தடத்தில்தான் இருக்கும். சென்டர் இல்லாதபோது ரிசீவர் அதை இடத்துக்கும் வலத்துக்கும் சமமாகப் பகிர்ந்து கொடுத்துவிடும். நேர் நடுவில் உட்கார்ந்தவருக்குக் குரல் திரையிலிருந்து வருவதுபோலத் தோன்றும், ஓரத்தில் இருப்பவருக்கோ பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து வரும். இது இன்று நேற்றுக் கண்டறிந்த குறையன்று. 1933இல் பிலடெல்பியா இசைக்குழுவின் வாசிப்பைத் தொலைபேசிக் கம்பி வழியாக வாஷிங்டன் அரங்குக்கு அனுப்பிக் காட்டிய பெல் ஆய்வகத்தாரே இடம், நடு, வலம் என்று மூன்று தடங்களைத்தான் பயன்படுத்தினார்கள்.

எங்கள் அறை பதினான்கடி நீளமும் பதினோரடி அகலமும் கொண்டது. அம்மாவின் திவான் வலப்பக்கச் சுவரோரம் கிடக்கிறது. 2019இல் சென்டர் வாங்கப் போனபோது என் ஸ்பீக்கர் தொடரின் சென்டர் கையிருப்பில் இல்லை. "சென்டரில் வருவது வெறும் பேச்சுத்தானே, எது வைத்தாலும் ஒத்துப்போகும்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, அதைவிட விலை கூடிய வேறொரு நிறுவனத்தின் சென்டரை எடுத்து வந்தேன். நடுவில் உச்ச ஒலிக்கான ட்வீட்டரும் இருபுறமும் ஆறரை அங்குல வூஃபர்களுமாகப் படுத்துக்கிடக்கும் கனத்த பெட்டி. பார்வைக்குக் குறை சொல்ல முடியாது.

முதல் நாளே ரிசீவரின் சோதனை ஒலியை ஓடவிட்டேன். அது ஒவ்வொரு ஸ்பீக்கராக ஒரே இரைச்சலை அனுப்பிக்கொண்டு போகும். இடப்பக்கத்தில் ஓட்டின் மேல் விழும் சாரலாகக் கேட்டது, நடுவில் தகரக் கொட்டகையின் மேல் விழுவதாக மாறி, வலப்பக்கத்தில் மறுபடியும் ஓட்டுக்கு வந்தது. என் ஜோடியில் இருந்தது பட்டுத்துணிக் குமிழ் ட்வீட்டர், புதியதில் அலுமினியக் குமிழ். ஒருவர் பேசியபடியே திரையின் இடமிருந்து வலம் நடக்கும் காட்சியில் நடுப்பகுதியைக் கடக்கும்போது அவருக்குச் சளி பிடித்து விட்டதுபோல் குரல் மாறும். கவனித்த பிறகு கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் என்னை உண்மையில் அலைக்கழித்தது அம்மாவின் கேள்விதான். "என்னய்யா சொல்லுதான் அவன்?" படத்துக்குப் பத்து முறையாவது கேட்பார். காதில்தான் குறையோ என்று தென்காசிக்கு அழைத்துப் போய்ப் பரிசோதித்தேன். வயதுக்கு மீறிய குறை எதுவும் இல்லை என்றார்கள். சென்டரின் அளவை மூன்று டெசிபல் கூட்டியபோது அம்மாவுக்கு ஓரளவு புரிந்தது, நடுவில் இருந்த எனக்கு எல்லாரும் அதட்டுவதுபோல் இருந்தது.

ஒருநாள் நானே அந்தத் திவானில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் விளங்கியது. குரல் கேட்கிறது, ஆனால் அதன் நடுப்பகுதி உள்வாங்கிப்போயிருக்கிறது. அளவெடுத்துக் கணக்குப் போட்டேன். இரண்டு வூஃபர்களின் மையங்களுக்கு இடையே 30 செ.மீ.; திவான் ஏறக்குறைய 30 பாகைக் கோணத்தில் இருக்கிறது. ஆகவே அங்கே வந்து சேரும்போது ஒரு வூஃபரின் ஒலி மற்றதைவிட 15 செ.மீ. கூடுதலாகப் பயணித்திருக்கும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்வதால், 1,140 ஹெர்ட்ஸ் ஒலியின் அரை அலைநீளம் சரியாக அந்த 15 செ.மீ. தான், அந்தப் பகுதியில் இரண்டு வூஃபர்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பேச்சின் தெளிவுக்கு வேண்டிய இடத்திலேயே பள்ளம். மைக் வைத்து ரிசீவர் தானாகச் செய்துகொள்ளும் திருத்தம் இதைச் சரிசெய்யாது, ஏனென்றால் அந்த அலைவரிசையைக் கூட்டினால் இரண்டு வூஃபர்களும் சேர்ந்தே கூடி, சேர்ந்தே அழியும். நடு இருக்கையில் மட்டும் அது மிகையாகக் கேட்கும்.

எல்லாப் படுக்கைவாட்டுச் சென்டரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ட்வீட்டருக்குக் கீழே நடு ஒலிக்கென்றே தனியாக ஒரு மிட்ரேஞ்ச் யூனிட் வைத்த மூன்றுவழிச் சென்டர்களில் இந்தப் பகுதியை ஒற்றை யூனிட்டே கையாள்வதால் சிக்கல் வெகுவாகக் குறைகிறது. கெஃப் நிறுவனம் 1988இல் கொண்டுவந்த யூனி-க்யூ போல, கூம்பின் மையத்திலேயே ட்வீட்டரைப் பதித்த வடிவமும் பக்கவாட்டு இருக்கைகளுக்கு நல்லது. இரண்டுமே அப்போது என் கைக்கு எட்டவில்லை.

எனவே மூன்றாவதாக அதே புக்‌ஷெல்ஃபை நிற்கவைப்பதென்று முடிவு செய்தேன். ஒற்றையாக யாரும் தரமாட்டார்கள். கடைசியில் புனலூரில் ஒருவர் அதே மாடல் ஜோடியை விற்பதாகத் தெரிந்து, போய்க் கேட்டுப் பார்த்து, இரண்டையும் சாக்கில் சுற்றி ரயிலில் கொண்டுவந்தேன். தொலைக்காட்சியைச் சுவரில் ஒரு சாண் உயர்த்தி, அதன் கீழ் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, முன்பக்கம் கதவுக்கு வைக்கும் ரப்பர் ஆப்பைச் செருகி, ட்வீட்டர் காதை நோக்கும்படி சாய்த்தேன். ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் எல்லையான க்ராஸ்ஓவர் மூன்றுக்கும் 80 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபர் பார்த்துக்கொள்கிறது. சோதனை ஒலியில் மூன்றிலும் ஓட்டுச் சாரல்தான். கூட்டிவைத்த மூன்று டெசிபலையும் எடுத்துவிட்டேன். அம்மாவும் மலையாளப் படங்களுக்கு மட்டும்தான் இப்போது கேட்கிறார்.

நான்கு ஆண்டுகளில் பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. சாரல் ஈரத்தில் வெறும் செம்புக் கம்பி முனைகள் பச்சை பூத்ததால் எல்லாவற்றுக்கும் கம்பி முனையில் மாட்டும் செருகியான பனானா பிளக் போட்டேன். முகப்புத் துணியில் பூஞ்சை வராமலிருக்க மழைக்காலத்தில் அதைக் கழற்றி வைத்துவிடுகிறேன். இடப்பக்க ட்வீட்டர் ஒருமுறை ஊமையானபோது, பீரோவின் மேல் மிச்சமாகக் கிடந்த நான்காவது ஸ்பீக்கரின் ட்வீட்டர் கைகொடுத்தது. அந்தத் தொடரே நிறுத்தப்பட்டுவிட்டதால் வேறு வழியும் இருந்திருக்காது.

தீராமல் நிற்கும் குறை ஒன்று உண்டு. நிமிர்ந்து நிற்கும் ஸ்பீக்கரின் தலை தொலைக்காட்சியின் ரிமோட் கண்ணை மறைக்கிறது. சேனல் மாற்ற வேண்டுமென்றால் கையைத் தலைக்கு மேல் தூக்கி அழுத்த வேண்டியிருக்கிறது.