வேண்டாத வீட்டுப்பேர்: எக்ஸ்எஸ்எல்டி வெளியீட்டில் நேம்ஸ்பேஸை எப்படிக் கழிப்பது?

எங்கள் விளவங்கோடு பக்கம் ஒரே பேரில் நாலு பேர் இருந்தால் வீட்டுப்பேரைச் சேர்த்துத்தான் சொல்வோம். தகவலைக் குறிச்சொற்களிட்டு எழுதும் எக்ஸ்எம்எல்லில் நேம்ஸ்பேஸுக்கும் அதே வேலை. ஆனால் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பை இன்னொன்றாக மாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டியில் ஓர் உறுப்பை, அதாவது குறிச்சொல்லோடு கூடிய ஒரு பகுதியை, நகலெடுத்தால், அதற்குச் சம்பந்தமே இல்லாத வீட்டுப்பேர்களும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும்.

நாகர்கோவிலில் ஆய்விதழ்க் கட்டுரைகளை எக்ஸ்எம்எல் ஆக்கிக் கொடுக்கிறோம். எங்கள் குறிப்புகளுக்காக இடைக்கோப்பில் வைத்திருந்த நேம்ஸ்பேஸ் கடைசிக் கோப்பிலும் எட்டிப் பார்த்தது. கோப்பில் எந்த உறுப்பு, எந்தப் பண்புக்கூறு வரலாம் என்று சொல்லும் விதிப்பட்டியல்தான் டிடிடி. அது பழைய ஆள், நேம்ஸ்பேஸ் என்றால் என்னவென்றே தெரியாது. நேம்ஸ்பேஸை அறிவிக்கும் எக்ஸ்எம்எல்என்எஸ் வரியையும் சாதாரணப் பண்புக்கூறாக எடுத்துக்கொண்டு, 'இதை அறிவிக்கவே இல்லையே' என்று கோப்பைத் தள்ளிவிட்டது.

எல்லாரும் முதலில் கைவைப்பது, வேண்டாத முன்னொட்டுகளை விலக்கச் சொல்லும் எக்ஸ்க்ளூட்-ரிசல்ட்-ப்ரிஃபிக்சஸ் என்ற பண்புக்கூறில். நானும் அதில் இரண்டு நாளைத் தொலைத்தேன். ஸ்டைல்ஷீட்டில், அதாவது மாற்றும் விதிகளை எழுதும் கோப்பில், நாமே நேரடியாக எழுதிய உறுப்புகளுக்கு மட்டும்தான் அது செல்லும். மூலக்கோப்பிலிருந்து நகலாகி வருவதை அது தொடாது. வெளியீட்டை செட் என்ற உரை திருத்தும் கருவி கொண்டு வெட்டலாமே என்பீர்கள். அவசரத்துக்குச் சரி, அதற்கு மேல் வேண்டாம்.

மிச்சம் இரண்டு வழி. 2007-இல் வந்த எக்ஸ்எஸ்எல்டி 2.0-வில் காப்பி-நேம்ஸ்பேசஸ் என்ற பண்புக்கூறு உண்டு. அதற்கு 'நோ' கொடுத்தால் உறுப்பின் பேருக்கும் பண்புக்கூறுகளுக்கும் தேவையானது மட்டும் தங்கும். அழகான வழி. 2.0 தெரிந்த சாக்ஸன் என்ற செயலி கையில் இருந்தால் அதையே எடுங்கள். வேகத்தில் எது முந்தும் என்று நான் அளந்து பார்த்ததில்லை.

நாங்கள் எடுத்தது இன்னொன்று: நகலே எடுக்காமல், எக்ஸ்எஸ்எல்:எலிமென்ட் கொண்டு உறுப்பைப் புதிதாகக் கட்டுவது. பேருக்கு நேம் சார்பு, நேம்ஸ்பேஸுக்கு நேம்ஸ்பேஸ்-யூஆர்ஐ சார்பு, பிறகு பண்புக்கூறுகளுக்கும் உள்ளே இருக்கும் பிள்ளை உறுப்புகளுக்கும் அவற்றுக்கான விதிகளை (டெம்ப்ளேட்) ஓட்டும் அப்ளை-டெம்ப்ளேட்ஸ். ஐந்தாறு வரிதான். எக்ஸ்எஸ்எல்டி 1.0-விலேயே ஓடும் என்பதுதான் எனக்குப் பெரிய காரணம். எங்கள் கணினிகள் பாதியில் எக்ஸ்எஸ்எல்டிப்ராக் என்ற செயலிதான் இருக்கிறது, அதற்கு 1.0-வைத் தாண்டித் தெரியாது. ஒரே ஸ்டைல்ஷீட் இரண்டு இடத்திலும் ஓடினால் பராமரிக்க ஒன்றுதான். இரண்டு வைத்திருந்த காலத்தில் ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை மறந்தது எத்தனை முறை!

குறையும் உண்டு. சோம்பலில், முன்னொட்டில்லாத பேரை மட்டும் தரும் லோக்கல்-நேம் போட்டு நேம்ஸ்பேஸை விட்டுவிட்டால், கணிதச் சூத்திரங்களை எழுதும் மேத்எம்எல் தன் வீட்டுப்பேரை இழந்துவிடும், உலாவியில் சூத்திரம் சூத்திரமாகத் தெரியாது. சரியாகப் போட்டாலும், வேர் உறுப்பில் அறிவிப்பு இல்லையென்றால் ஒவ்வொரு சூத்திரத்திலும் அது திரும்பத் திரும்ப வரும். வேர் உறுப்பை மட்டும் கையால் எழுதி அங்கே ஒருமுறை அறிவித்தோம், அடங்கியது. குறிப்புகளுக்கான உறுப்புகள், பண்புக்கூறுகளுக்கு, அவற்றை வெளியீட்டில் விடாமல் விழுங்கும் வெற்று டெம்ப்ளேட்டும் வேண்டும், இல்லையென்றால் அவற்றோடு பழைய நேம்ஸ்பேஸ் திரும்பி வரும். எக்ஸ்எஸ்ஐ:டைப் போல மதிப்புக்குள்ளேயே முன்னொட்டு வரும் கோப்புகளில் மட்டும் இரண்டு வழியிலும் கவனம் வேண்டும். அங்கே முன்னொட்டு வெறும் எழுத்து, அது பயன்பாட்டில் இருப்பதாகச் செயலி எண்ணாது.

புதிதாகச் சேர்ந்த பிள்ளை கேட்டாள்: "அண்ணா, இதுக்கு காப்பி-ஆஃப்னு ஒரே வரி போட்டா போதாதா?" அதுவும் அப்படியே நகலெடுப்பதுதான். போட்டு ஓட்டிப் பார் என்றேன். டிடிடி சோதனையில் சிவப்பு வரிகள் வரிசையாக விழுந்தன. ஒன்றும் பேசாமல் பழையபடி மாற்றி வைத்தாள்.