ஆறு சனிக்கிழமைகளும் ஒரு காலணிப் பெட்டியும்: குடும்ப நினைவாற்றல் வகுப்பு பற்றி

மொரீசியசின் காத்ர் போர்ன் நகரில் தனியார் நிலையம் ஒன்று குடும்பங்களுக்கென நடத்தும் நினைவாற்றல் வகுப்புக்கு நானும் கணவரும் எங்கள் இரு பிள்ளைகளும் சென்று வந்தோம். சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரமாக ஆறு வாரங்கள் நடந்த வகுப்புக்கு, நால்வருக்கும் சேர்த்துக் கட்டணம் 6,000 ரூபாய். மகள் ஆறாம் வகுப்பில், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பி.எஸ்.ஏ.சி.க்குத் தயாராகிறாள்; மகன் எட்டாம் வகுப்பில் படிக்கிறான். ஆங்கிலத்தில் அச்சிட்ட பாடத்தை ஆசிரியர் இங்குள்ளோரின் பேச்சுமொழியான கிரியோலில் விளக்க, அதை மீண்டும் ஆங்கிலத்தில் எழுதித் தேறவேண்டிய பிள்ளைகளுக்கு மனப்பாடம் எவ்வளவு பெரிய சுமை என்பது இங்குள்ள பெற்றோர் அனைவரும் அறிந்ததே. டியூஷனுக்கு மேல் இன்னொரு டியூஷனா என்று தயங்கிய நான், பெற்றோரும் உடன் அமர்ந்து கற்கவேண்டும் என்ற நிபந்தனையைக் கண்ட பிறகே பணம் கட்டினேன்.

முதல் இரண்டு வாரங்கள் முழுவதும் பண்டைய கிரேக்கச் சொற்பொழிவாளர்கள் கையாண்ட இட முறைக்கே சென்றன. நன்கு பழகிய ஒரு வழியை மனத்தில் நடந்து, அதன் ஒவ்வோர் இடத்திலும் நினைவில் நிற்கவேண்டிய செய்தியை ஒரு வேடிக்கையான காட்சியாக்கி வைத்துவிடுவதுதான் அம்முறை. மொரீசியஸ் வரலாற்றின் ஐந்து ஆண்டுகளை வைக்க நாங்கள் மெட்ரோ ரயில் வழியைத் தேர்ந்தெடுத்தோம். ரோஸ் ஹில் நிலையத்தில் 1598இல் வந்திறங்கிய ஒல்லாந்தர்கள் டோடோ பறவையைத் துரத்துகிறார்கள். அடுத்த நிலையமான வாந்தர்மீர்ஷில் 1715இல் பிரெஞ்சுக்காரர்கள் கொடி நடுகிறார்கள். போ பாசேனில் 1810இன் ஆங்கிலேயர்கள் தேநீர் அருந்துகிறார்கள். பார்க்லியில் 1835இல் அறுந்த அடிமைத் தளை கிடக்கிறது. கோரமண்டலில் 1968இன் விடுதலைக் கொடி பறக்கிறது. சோழமண்டலம் என்ற நம் பெயர் ஐரோப்பியர் வாயில் அப்படித் திரிந்தது என்று இடையில் நான் சொல்லிவைத்தேன். பிள்ளைகள் அதைத்தான் முதலில் நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

ஒரே மாலையில் ஐந்து ஆண்டுகளும் மகளுக்குப் பாடமாகிவிட்டன. மறுநாள் சமையலறையில் அவளிடம், “அடிமைகள் விடுதலையான பிறகு கரும்புத் தோட்டத்தில் யார் வேலை செய்தார்கள்?” என்று கேட்டேன். சற்று நேரம் யோசித்தவள், “அது எந்த ஸ்டேஷனிலும் இல்லையே, அம்மா” என்றாள். அந்த விடையில் இம்முறையின் பலமும் குறையும் ஒருங்கே தெரிந்துவிட்டன. அந்த வேலைக்கென இந்திய ஒப்பந்தத் தொழிலாளர் முப்பத்தாறு பேர் ‘அட்லஸ்’ என்ற கப்பலில் போர்ட் லூயிசுக்கு வந்தது 1834 நவம்பரில், அதாவது விடுதலைக்கும் முன்பே. அடிமை ஒழிப்புச் சட்டம் 1833இலேயே நிறைவேறிவிட்டதால் தோட்ட முதலாளிகள் முன்கூட்டியே கூலிக்கு ஆள் தேடினார்கள் என்பதை அவளுக்கு உட்கார்த்திவைத்துச் சொல்லவேண்டியிருந்தது. ஆண்டுகளை அடுக்க நிலையங்கள் உதவின. காரணத்தை அவற்றில் ஏற்றமுடியவில்லை. பயிற்சியாளர் இந்த எல்லையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

கொடுத்த பணத்துக்கு உண்மையான பயன் மூன்றாம் வாரத்தில்தான் கிடைத்தது. படித்ததை மீண்டும் மீண்டும் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டுத் தன்னையே கேட்டுக்கொள்வது நினைவில் நீண்ட நாள் நிற்கும் என்பதை அன்று விளக்கினார்கள். அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது தம்மைத் தாமே சோதித்துக்கொண்டவர்கள் முந்தினார்கள். தேர்வுக்கு முந்தைய இரவு விடிய விடியப் படிக்கும் பிள்ளைக்கு, எல்லாம் தெரிந்துவிட்டது என்ற மயக்கம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இதற்குக் கருவியாக அவர்கள் காட்டியது, ஜெர்மானியரான செபாஸ்தியன் லைட்னர் 1970களில் பரப்பிய அட்டைப் பெட்டி. பெட்டியை ஐந்து அறைகளாகத் தடுத்து, ஒருபுறம் கேள்வியும் மறுபுறம் விடையும் எழுதிய அட்டைகளை முதல் அறையில் வைக்கவேண்டும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையை நாள்தோறும், பின்னறைகளை மேன்மேலும் இடைவெளி விட்டும் புரட்டவேண்டும். அச்சிட்ட அட்டைக் கட்டு ஒன்றை 350 ரூபாய்க்கு விற்றார்கள், நாங்கள் வாங்கவில்லை. மகனின் பழைய காலணிப் பெட்டியும், கிழித்த நாள்காட்டித் தாள்களின் பின்புறமும் போதுமாயின.

ஐந்தாம் வாரத்தில், பிறருக்குக் கற்பிப்பவரே நன்கு கற்கிறார் என்பதை ஏதோ அண்மைக் கண்டுபிடிப்புப் போல அறிவித்தபோது, தமிழாசிரியையான என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் காற்பங்குதான் சேரும், உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு காற்பங்கு சேரும், பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் எஞ்சிய அரைப்பங்கும் நிறையும் என்று பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் நன்னூலில் சொல்லிவிட்டார். ஆயினும் பயிற்சி நன்றாகவே இருந்தது: பத்து நிமிடம் பிள்ளை ஆசிரியர், பெற்றோர் மாணவர். பின்னக் கூட்டலை மகன் எனக்கு விளக்கத் தொடங்கிப் பாதியில் திகைத்து நின்ற இடம்தான் அவனுக்கு எப்போதும் மதிப்பெண் போகும் இடம்.

குறைகளும் உண்டு. பிள்ளை கண்ணால் கற்பவனா, காதால் கற்பவனா என்று கண்டறிய ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். அவ்வகைப்பாட்டுக்கேற்ப கற்பித்தால் பயன் கூடும் என்பதற்குத் தக்க சான்று இல்லை என்று 2008இலேயே உளவியலாளர் குழு ஒன்று எழுதியிருக்கிறது. ஒரு வாரம் முழுவதும் வண்ணப் பேனாவால் கோடிடுவதில் கழிந்தது. கடைசி வாரம் நினைவாற்றல் சத்து மாத்திரைப் புட்டியை மேசையில் அடுக்கிவைத்து வற்புறுத்தியது அருவருப்பாக இருந்தது. எல்லாம் பிரெஞ்சிலும் கிரியோலிலும் நடந்ததால் தமிழ்ப் பாடத்துக்கென எதுவும் இல்லை. தலை, தளை, தழை போன்ற சொற்களுக்கு நாங்களே அட்டை எழுதிக்கொண்டோம்.

வகுப்புக்கு வராத என் மாமியார்தான் வீட்டில் எல்லோரையும் தோற்கடிக்கிறார் என்பதையும் சொல்லவேண்டும். தமிழ் எழுத்து அறியாத அவர், காவடிக் காலப் பாடல்களைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்திருக்கும் நோட்டைத் திறக்காமலே பாடுவார். சந்தமும் ஆண்டுதோறும் திரும்பிவரும் பத்து நாள் விரதமும் அவருக்கு லைட்னரின் பெட்டியாக இருந்திருக்கின்றன.

ஆறாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் அமர்வது கடினம்; அவர்களை அழைத்துச் செல்லவேண்டாம். சேர விரும்புவோர் மூன்றாம், ஐந்தாம் வாரங்களுக்கு மட்டும் தனியாகப் பணம் கட்ட முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். நாங்கள் கேட்கத் தவறிவிட்டோம். வகுப்பு முடிந்தும் எங்கள் பெட்டி சாப்பாட்டு மேசையை விட்டு இறங்கவில்லை. நேற்றிரவு முதல் அறைக்குத் திரும்பிய மூன்று அட்டைகளில் இரண்டு என் கணவருடையவை.