68 இலட்சம் சொன்னார்கள்: வாகன் ஆர் ஹைபிரிட்டை விற்பதா, வைத்திருப்பதா?

2019இல் 35 இலட்சம் ரூபாவுக்கு வாங்கிய காருக்கு, 2022 மே மாதத்தில் 68 இலட்சம் தருவதாக ஒருவர் கேட்டு வந்தார். கார், சுசுகி வாகன் ஆர் ஹைபிரிட் எஃப்.எக்ஸ்., 2018ஆம் ஆண்டு உற்பத்தி. வாங்கும்போதே ஒருவர் பாவித்ததுதான். அன்று விற்கவில்லை, இன்றும் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில்தான் நிற்கிறது. விற்றிருக்கலாமே என்று சொல்லாத உறவினர் ஒருவரும் இல்லை. ஐந்து வருடங்களாக நிறுத்தியிருந்த வாகன இறக்குமதி 2025இல் திறந்துவிடப்பட்ட பின்னரும் பழைய கார்களின் விலை எதிர்பார்த்த அளவுக்கு இறங்காததால், பலர் இப்போதும் இதே யோசனையில் இருக்கிறார்கள். ஆகவே காரையும் கணக்கையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் கார். இது யப்பானில் கெய் என்று சொல்லும் மிகச் சிறிய கார் வகையைச் சேர்ந்தது. 658 சீ.சீ. எஞ்சின், 52 குதிரைவலு, நீளம் 3.4 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஹைபிரிட் என்ற பெயரைப் பார்த்துவிட்டு டொயோட்டா பிரியஸ்போல மின்சாரத்தில் தனியாக ஓடும் என்று எண்ண வேண்டாம். எஞ்சினோடு பட்டியால் இணைத்த சிறிய மோட்டார் ஒன்று புறப்படும்போது கொஞ்சம் கை கொடுக்கும், வேகம் குறையும்போது மின்சாரத்தைச் சேமிக்கும், சந்தியில் நின்றால் எஞ்சினை நிறுத்தித் திரும்ப உயிர்ப்பிக்கும். அவ்வளவுதான். அந்த வேலைக்கு முன்னிருக்கை ஒன்றின் கீழே சிறிய லித்தியம் பற்றறி, எஞ்சின் அறைக்குள் வழக்கமான ஈய அமிலப் பற்றறி என இரண்டு இருக்கின்றன.

யாழ்ப்பாண நகருக்குள் லீற்றருக்கு 17, 18 கிலோமீற்றர் கிடைக்கிறது. ஏ9 வீதியில் 80ஐத் தாண்டாமல் ஓட்டினால் 22. யப்பானியச் சோதனைமுறையில் 33 என்று போட்டிருப்பதை அப்படியே மறந்துவிடுவது நல்லது. எரிபொருள் தாங்கி 27 லீற்றர்தான் என்றாலும், ஒருமுறை நிரப்பினால் கொழும்பு போய்ச் சேரப் போதும். தட்டையான குடாநாட்டில் வலுக் குறைவு தெரிவதே இல்லை. கண்டிக்குப் போகும்போது மாத்தளைக்கு அப்பால் ஏற்றத்தில், நான்கு பேரும் ஏ.சி.யும் சேர்ந்தால், எஞ்சின் கத்துகிற அளவுக்கு வண்டி நகராது. ஆனையிறவில் இன்னொரு அனுபவம். கார் ஒடுக்கமானது, உயரமானது. கடனீரேரியிலிருந்து காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு 60க்கு இறங்கிவிடுவேன். பெரிய பஸ் ஒன்று எதிரே வந்து கடந்தால் கார் முழுவதும் ஒரு முறை அசைந்து நிமிரும்.

பிடித்தவை என்றால் இடவசதிதான். வெளியே பார்த்தால் தீப்பெட்டி. உள்ளே ஏறினால் ஆறடி மனிதர் கால் நீட்டி உட்காரலாம். முழங்கால் மடக்கச் சிரமப்படும் அம்மாவுக்கு இருக்கையின் உயரம் மிகச் சரி. குனியவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம். பின்கதவுகளின் உட்புறத்தில் குடை செருக ஒரு துவாரம் வைத்திருக்கிறார்கள், நனைந்த குடையிலிருந்து வடியும் தண்ணீர் வெளியே போய்விடும். மாரி மழையில் ஆஸ்பத்திரி வாசலில் அம்மாவை ஏற்றும்போதெல்லாம் இதை வடிவமைத்த யப்பானியரை வாழ்த்துவேன். தினமும் காரை இயக்கியதும் ஒரு யப்பானியப் பெண்குரல் ஏதோ அட்டை செருகவில்லை என்று அறிவிக்கிறது. அது அங்குள்ள நெடுஞ்சாலைக் கட்டண அட்டை. எங்கள் வீட்டுச் சின்னவன் அந்த வசனத்தை அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பான்.

செலவு வைத்தவற்றைச் சொல்ல வேண்டும். நின்று நின்று புறப்படும் எஞ்சின் என்பதால், ஈய அமிலப் பற்றறியும் அதற்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். சாதாரணப் பற்றறியைப் போட்டால் சில மாதங்களில் சோர்ந்துவிடும். நெருக்கடிக் காலத்தில் அந்தப் பற்றறிக்காகக் கொழும்புக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. முன் சஸ்பென்ஷனின் புஷ்கள் எங்கள் உள்ளொழுங்கைகளைத் தாங்கவில்லை, இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. சி.வி.டி. எனப்படும் தானியங்கிக் கியர்பெட்டியின் ஒயிலை 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை, அதற்குரிய ஒயிலாலேயே மாற்றுகிறேன். கராஜில் இருந்த ஏதோ ஓர் ஒயிலை ஊற்றிவிட்டுப் பிறகு கியர்பெட்டியையே மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

இனி விலைக்கு வருவோம். 2020 மார்ச்சில், வெளிநாட்டுச் செலாவணியைக் காப்பாற்றவென்று அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. சில மாதங்கள் என்று நினைத்தது ஐந்து வருடங்களை நெருங்கியது. நாட்டுக்குள் இருக்கும் கார்கள்தான் இனிக் கார்கள் என்றானதும், விலை ஏறத் தொடங்கியது. 2021 கடைசியில் என் கார்போன்றவற்றுக்கு 56 இலட்சம்வரை கேட்டார்கள். 2022இல் 68. தரகர் ஒருவர் இரண்டு நாளுக்கு ஒருமுறை அழைத்து, "அண்ணை, காசு கையோடு வருவார்கள், நீங்கள் ஓம் என்றால் போதும்" என்றார். வந்தவர்கள் முதலில் பார்த்தது எப்போது பதிந்த கார் என்று காட்டும் இலக்கத் தகட்டின் எழுத்துகளை, அடுத்துக் கேட்டது யப்பானில் ஏலம் போனபோது காரின் நிலையைக் குறித்த அறிக்கையை. சுற்றிவந்து பெயின்ரைத் தட்டிப் பார்த்தார்கள். ஓட்டிப் பார்க்கவேண்டும் என்றுகூட ஒருவர் கேட்கவில்லை. காராக அல்ல, காணித் துண்டாகத்தான் அதை வாங்க வந்திருந்தார்கள் என்பது அப்போதே தெரிந்தது.

இலாபம் 33 இலட்சம் என்று ஊர் பேசியது. நான் அதை டொலரில் போட்டுப் பார்த்தேன். 2019இல் ஒரு டொலர் ஏறக்குறைய 180 ரூபா. 35 இலட்சம் என்றால் 19,400 டொலர். 2022 மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாவின் பிடியைத் தளர்த்தியதும், 203இல் நின்றது மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 68 இலட்சத்தை 360ஆல் வகுத்தால் 18,900 டொலர். அதாவது கார் ஏறவில்லை. ரூபா விழுந்தது, கார் நின்ற இடத்தில் நின்றது. இது சின்ன விடயமில்லை, மூன்று வருடம் ஓடிய கார் பெறுமதி இழக்காமல் இருந்ததே பெரிய சங்கதி. ஆனால் அதை 33 இலட்ச இலாபம் என்று எண்ணி விற்பவர், மறுநாள் அதே காசோடு கடைத்தெருவுக்குப் போனால் புரிந்துகொள்வார். அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம்.

இதே கணக்கைப் பின்னோக்கிப் போட்டால் வேறொன்று தெரியும். விற்பதற்குரிய உண்மையான உச்சம் 68 இலட்சம் கேட்ட மே மாதம் அல்ல, 56 இலட்சம் கேட்ட 2021 கடைசி. டொலரை 203இல் பிடித்து வைத்திருந்த நேரம் அது. அன்று விற்று, காசைத் தங்கப் பவுணாகவோ காணியாகவோ மாற்றியவருக்குத்தான் உண்மையில் கை நிறைந்தது. அப்படிச் செய்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். ரூபா அப்படி விழும் என்று அன்று யார் கண்டார்கள்?

இன்னொரு விதமாகவும் வென்றவர் இருக்கிறார்: என் மைத்துனர். அவரிடம் இரண்டு கார்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் ஏழு சதவீதப் புள்ளிகள் உயர்த்தியதும், லீசிங் வட்டி எட்ட முடியாத உயரத்துக்குப் போனது. கடனில் வாங்குவோர் மறைந்தார்கள், கையில் காசுள்ளவர் மட்டுமே சந்தையில் நின்றார். விளம்பரங்களில் 70 என்று கிடந்த கார்கள் உண்மையில் 58க்குக் கைமாறின. மைத்துனர் ஒக்டோபரில் அந்த 58க்கே ஒரு காரைக் கொடுத்து, 24 சதவீத வட்டிக்கு ஒரு வருட நிலையான வைப்பில் போட்டார். வருட முடிவில் வரி போகக் கையில் 70ஐத் தாண்டியது. அதற்குள் ரூபாவும் 320 பக்கம் மீண்டிருந்தது. அவர் கணக்கில் பிழையில்லை. ஆனால் அவருக்கு ஓடுவதற்கு இன்னொரு கார் இருந்தது. நமக்கு அதுதான் இல்லை.

ஒரே ஒரு கார் வைத்திருப்பவர் விற்றால், திரும்ப அதே சந்தையில்தான் வாங்க வேண்டும். என் கார் 68 என்றால் அதைவிடக் கொஞ்சம் பழையது 55. நடுவில் மிஞ்சும் 13 இலட்சத்துக்காக, யார் எப்படி ஓட்டினார் என்று தெரியாத ஒரு காரை வாங்க வேண்டும். என் காரின் ஒயில் எப்போது மாற்றப்பட்டது என்று எனக்குத் தெரியும். அந்தக் காரின் கிலோமீற்றர்மானியைக்கூட நம்ப முடியாது.

எரிபொருள்தான் என் முடிவை உறுதியாக்கியது. கேட்க விந்தையாக இருக்கும். 2021 டிசம்பரில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்ரேன் பெற்றோல், 2022 ஜூன் கடைசியில் 470. அதே வாரத்தில் தனியார் வாகனங்களுக்குப் பெற்றோல் கொடுப்பதே இரண்டு வாரம்வரை நிறுத்தப்பட்டது. முற்றத்தில் நிற்கும் காரைப் பார்த்து, இதற்கா 68 இலட்சத்தை விட்டாய் என்று அப்பா கேட்டார். அவர் தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்துக்கு இருந்த பொருளாதாரத் தடையைக் கண்டவர். கார்புரேட்டரில் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொரிஸ் கார்களின் காலம் அது. "உன் கார் மண்ணெண்ணெய் குடிக்குமா?" என்றார். குடிக்காது. கணினியும் இன்ஜெக்டரும் உள்ள காரில் அந்த வித்தையைக் காட்டினால் கார் அன்றோடு சரி.

ஆனால் ஓகஸ்டில், எரிபொருளை வாகனத்துக்கு இவ்வளவு என்று பங்கிடும் கியூ.ஆர். முறை நாடு முழுவதும் வந்ததும் நிலைமை தலைகீழானது. காருக்கு வாரம் 20 லீற்றர். பிராடோ ஜீப்புக்கும் 20, என் 658 சீ.சீ.க்கும் 20. பெரிய ஜீப்பில் போன அயலவர் வாரக் கடைசியில் மோட்டார் சைக்கிளுக்கு இறங்கினார். எனக்கோ அந்த 20 லீற்றரில் 350, 400 கிலோமீற்றர் கிடைத்தது. மனைவியின் பாடசாலை, அம்மாவின் கிளினிக், சந்தை எல்லாம் முடிந்து மிச்சமும் இருந்தது. ஓட்டோ கிடைக்காத, கிடைத்தாலும் சொன்ன விலை கொடுக்க வேண்டியிருந்த மாதங்கள் அவை. விற்றிருந்தால் அம்மாவை எப்படிக் கூட்டிப் போயிருப்பேன் என்பதற்கு இன்றும் என்னிடம் விடை இல்லை. பின்னர் அளவைக் கூட்டினார்கள், 2023 செப்டெம்பரில் முறையையே நீக்கினார்கள்.

விலை ஏறியதால் வந்த ஒரு நட்டத்தைப் பலர் கவனிப்பதில்லை: காப்புறுதி. 35 இலட்சத்துக்கு முழுக் காப்புறுதி செய்த கார் சந்தையில் 68 என்றால், விபத்து நடந்தபின் நிறுவனம் அந்த வித்தியாசத்தைக் காட்டி இழப்பீட்டை விகிதப்படி குறைக்க இடமுண்டு. பெறுமதியைக் கூட்டினால் கட்டணமும் கூடும். விற்காத காரின் விலையேற்றத்துக்கு நான் வருடாவருடம் காசு கட்டினேன். உங்கள் பத்திரத்தில் எந்தப் பெறுமதி எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

2025 பெப்ரவரி 1ஆம் திகதி முதல் தனியார் வாகன இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். அதற்கு முந்திய மாதங்களில் பயம் பிடித்துப் பலர் கிடைத்த விலைக்குத் தள்ளினார்கள். புதிய கார்களின் விலைப்பட்டியல் வந்தபிறகு அந்தப் பயம் தணிந்தது. அப்போது டொலர் 300 ரூபா. சுங்கத் தீர்வை, அதன் மேல் மேலதிகக் கட்டணம், எஞ்சின் கொள்ளளவுக்கேற்ற உற்பத்தித் தீர்வை, எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத வற் வரி. மூன்று வருடத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு அனுமதியும் இல்லை. இவ்வளவும் சேர்ந்த பிறகு புதிய சிறிய கார் ஒன்றின் விலை என் பழைய காரின் விலைக்கு மேலேதான் நின்றது. ஆகவே பழைய கார்கள் சரியவில்லை, மெல்ல இறங்குகின்றன.

இப்போது விற்கலாமா என்று கேட்பவர்களுக்கு, அவரவர் நிலையைக் கேட்காமல் நான் பதில் சொல்வதில்லை. வீட்டில் இரண்டாவது கார் சும்மா நின்றால் விற்றுவிடுங்கள். வரிச் சலுகை ஒன்று வந்தால் ஒரே இரவில் பத்து இலட்சம் போகும், மின்சாரக் கார்களும் கப்பலில் வந்து இறங்கிக்கொண்டிருக்கின்றன. வெளிநாடு போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம். லித்தியம் பற்றறியின் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கிய காரை, திருத்துவதற்கான செலவு மதிப்பீட்டை வாங்கிவிட்டே விலை பேசுங்கள். மறைத்து விற்பது ஊருக்குள் நடக்கிற காரியமல்ல.

என் கார் ஒரு இலட்சம் கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது. போன மாதமும் ஒருவர் 64க்குக் கேட்டார். அடுத்த சேர்விஸில் கியர்பெட்டி ஒயிலும் பின் பிறேக்கும் பார்க்க வேண்டும், முன் ரயர்கள் இரண்டும் தேய்ந்துவிட்டன. ரயருக்குத்தான் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.