படுதாவா, சொட்டு மருந்தா, பொடியா? பெங்களூர்க் குளிரில் கோழியின் மூச்சு

கார்த்திகை பிறந்துவிட்டால், பெங்களூரை அடுத்த ஆனேக்கல் பக்கம் கோழி வளர்க்கும் எங்களுக்கு இரவில் ஒரு வேலை கூடிவிடும். ஒன்பது மணிக்கு மேல் ஷெட்டுக்குள் போய், விளக்கை அணைத்துவிட்டு, அசையாமல் ஐந்து நிமிடம் நின்று காது கொடுக்க வேண்டும். பகல் இரைச்சலில் எதுவும் பிடிபடாது. கோழிகள் அடங்கிய பிறகுதான் 'கொர்...கொர்' என்ற குறட்டையும் 'ட்ச்' என்ற தும்மலும் தனியாகக் கேட்கும். 1,200 கோழியில் நாலைந்து தும்மினால் தூங்கப் போகலாம். மூலைக்கு மூலை கேட்டால் தூக்கம் போச்சு.

அப்படித் தூக்கம் கெட்ட பிறகு கையில் இருக்கும் காசை எதில் போடுவது? ஷெட்டின் பக்கங்களை மறைக்கும் படுதாவிலா, தடுப்பு மருந்திலா, மருந்துக் கடைக்காரர் எடுத்துத் தரும் ஆன்டிபயாடிக் பொடியிலா? ஆழ்கூளத்தில், அதாவது தரையில் உமி பரப்பி, கிரிராஜா கோழி வளர்ப்பவன் நான். இது ஹெப்பாள் கால்நடைக் கல்லூரி உருவாக்கிய இனம். சிவாஜிநகர், ஹலசூர் பக்கம் நாட்டுக்கோழிக்கு அடுத்தபடி கேட்டு வாங்குவார்கள். மூன்று வழியையும் செய்து பார்த்துவிட்டேன், சிலதைத் தப்பாகவும்.

முதலில் படுதா. எங்கள் மாமனார் ராசிபுரத்துக்காரர். நாமக்கல் வெயிலில் முப்பது வருஷம் கோழியோடு இருந்தவர். மார்கழியில் போன் செய்தால் ஒரே பேச்சுதான்: "மாப்ள, படுதாவை நல்லா இழுத்து மூடுங்க, குஞ்சுக்குக் குளிரும்." "சரிங்க மாமா" என்று மூடினேன். நாலு பக்கமும், தரையிலிருந்து கூரை வரை. காலையில் திறந்தபோது கண் எரிந்தது. எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா இரவு முழுக்க வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றியிருக்கிறது.

குளிர் கொன்றதைவிட அந்தக் காற்று கொன்றதுதான் அதிகம். கோழியின் மூச்சுக்குழாய்க்குள் மயிரிழை போன்ற நுண்முடிகள் உண்டு. தூசியையும் கிருமியையும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும் துடைப்பம் அது. அம்மோனியா அதை முடக்கிவிடும். அதன்பின் எந்தக் கிருமிக்கும் கதவு திறந்த வீடுதான். காற்றில் அம்மோனியா 25 பி.பி.எம்.மை (பத்து லட்சம் பங்கில் 25) தாண்டவிடக் கூடாது என்பது கணக்கு. அளக்கக் கருவி இல்லாவிட்டால் மூக்கை நம்பலாம், ஆனால் ஷெட்டிலேயே கிடப்பவரின் மூக்கை அல்ல. அது பழகிப் போயிருக்கும். பால்காரரையோ தீவன வண்டி டிரைவரையோ உள்ளே எட்டிப் பார்க்கச் சொன்னால் உண்மை தெரியும் என்று எழுத ஆசைதான். ஆனால் வெளியாள் செருப்போடு நோயும் வரும். பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு நாமே திரும்பி வந்து முகர்வது நல்லது.

மேலிருந்து கீழே தொங்கும் படுதாவைவிட, கீழே கட்டி மேலே ஏற்றும் படுதா இந்த ஊருக்குப் பல மடங்கு மேல். கோழி படுத்திருக்கும் உயரத்துக்குக் காற்று படாது. கூரையை ஒட்டி ஒரு அடி இடைவெளி விட்டால் கெட்ட காற்று போய்விடும். செலவு கயிறும் கப்பியும்தான். முழுக்க அடைத்து மின்விசிறி வைக்கும் ஷெட் இதைவிடச் சிறந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மின்சாரம் போனால் ஜெனரேட்டர் வேண்டும். 1,200 கோழிக்கு அந்தக் கணக்கு உதைக்கும்.

குஞ்சுக்குச் சூடு வேண்டும் என்று மாமா சொன்னது தப்பில்லை. முதல் வாரம் ப்ரூடருக்கு (குஞ்சுக்குச் சூடு தரும் கூண்டு) அடியில் 35 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டைப் படுதாவிடம் கேட்கக் கூடாது, பல்பிடம் கேட்க வேண்டும். கரி அடுப்பு மலிவு. ஆனால் மூடிய ஷெட்டில் அந்தப் புகையே குஞ்சை வாய் பிளக்க வைக்கும், நாம் அதை நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுவோம்.

கூளத்தில் நெல் உமிதான் என் தேர்வு. மரத்தூள் நனைந்தால் பூஞ்சை பிடிக்கும்; அந்தப் பூஞ்சை குஞ்சின் நுரையீரலுக்குள் போனால் பண்ணையில் வைத்துப் பார்க்க வைத்தியமே கிடையாது. ஈரக் கூளத்தில் சுண்ணாம்பு தூவும் பழக்கம் பல பண்ணையில் இருக்கிறது. கோழி இருக்கும்போது வேண்டாம். சுண்ணாம்பு காரம், கூளத்தில் இருக்கும் அம்மோனியாவை இன்னும் கிளப்பிவிடும். அதைவிடக் கிளறிவிடுவதும், ஒழுகும் தண்ணீர்த் தட்டைச் சரிசெய்வதும் மேல்.

இனி தடுப்பு மருந்து. வெள்ளைக் கழிச்சல் என்று ஊரில் சொல்கிற ராணிக்கெட் வைரஸ் நோய்க்கு வைத்தியம் இல்லை, தடுப்பு மட்டும்தான். மருந்து போடுவதா என்பதில் விவாதமே கிடையாது; எந்த வழியில் என்பதுதான் கேள்வி.

கண்ணில் சொட்டு விடுவது: 1,000 டோஸ் குப்பியை 30 மில்லி கரைப்பானில் கலந்தால் குஞ்சுக்கு ஒரு சொட்டு. ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். ஒவ்வொரு குஞ்சாகப் பிடித்து, சொட்டு உள்ளே இறங்கும்வரை ஒரு நொடி பொறுத்து விட வேண்டும். நானும் மச்சானும் உட்கார்ந்தால் காலைப் பொழுது போய்விடும், முதுகு ஒடிந்துவிடும். ஆனால் கண்ணுக்குப் பின்னால் ஒரு சுரப்பி இருக்கிறது. மருந்து அங்கேயே வேலையைத் தொடங்கி, கண்ணிலும் மூச்சுப் பாதையிலும் காவல் வைத்துவிடும். ஒரு குஞ்சுகூட விடுபடாது.

தண்ணீரில் கலப்பது: அரை மணி நேர வேலை. காகிதத்தில் பார்த்தால் இதுதான் கெட்டிக்காரத்தனம். நான்காவது வாரம் போடும் இரண்டாவது ராணிக்கெட் மருந்தான லசோட்டாவை ஒரு தடவை இப்படிக் கொடுத்தேன். முந்தின நாள் தொட்டியில் போட்ட குளோரின் மாத்திரையை மறந்துவிட்டேன். மருந்தில் இருப்பது உயிருள்ள வைரஸ்; குளோரின் அதைக் கொன்றுவிட்டது. நாங்கள் கொடுத்தது வெறும் தண்ணீர். அடுத்த மாதம் கழுத்து திருகிய கோழிகளைக் குழியில் போட்டபோதுதான் உறைத்தது. முறையாகச் செய்தால் இந்த வழியும் பழுதில்லை: ஒரு நாள் முன்பே குளோரினை நிறுத்தி, ஓரிரு மணி நேரம் தாகம் வரவிட்டு, லிட்டருக்கு இரண்டு மூன்று கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கரைத்து, அதன்பின் மருந்தைக் கலந்து, இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கும் அளவே வைக்க வேண்டும். நோஞ்சான் கோழியை மற்றவை தட்டுக்கு அண்டவிடாது என்ற குறை மட்டும் என்ன செய்தாலும் தீராது.

மருந்தைத் தெளிப்பானில் அடிப்பது குஞ்சு பொரிப்பகத்துக்கு ஏற்றது. பண்ணையில் ஏற்கெனவே சளி இருந்தால் அது எரிகிற வீட்டில் எண்ணெய்.

என் தீர்ப்பு: முதல் தடவை கண் சொட்டுதான், பேச்சே இல்லை. இரண்டாவது தண்ணீரில் கொடுக்கலாம், தொட்டியை நீங்களே கழுவினால். கிரிராஜாவை எட்டு வாரத்துக்கு மேல் வைத்திருப்பவர்கள் ராணிக்கெட்டுக்கான ஆர்2பி ஊசியையும் போட வேண்டும். ஆனால் முந்தைய இரண்டையும் வாங்காத கோழிக்கு அதைப் போட்டால் அந்த ஊசியே நோயாகிவிடும். உயிர் மருந்து கொடுத்த மூன்று நாலு நாள் லேசாகத் தும்மும், அதைக் கண்டு மிரள வேண்டாம்.

கடைசியில் பொடி. தும்மல் கேட்டதும் மருந்துக் கடைக்கு ஓடுவதா, நோயுற்ற இரண்டு கோழியை எடுத்துக்கொண்டு ஹெப்பாளில் உள்ள நோய் ஆய்வுக்கூடத்துக்குப் போவதா? ஆனேக்கலிலிருந்து சில்க் போர்டு தாண்டி ஹெப்பாள் போய்ச் சேர அரை நாள். கடை பத்து நிமிடத்தில். ஆகவே எல்லாரும் கடைக்குத்தான் போகிறோம்.

கடைக்காரர் அமாக்ஸிசிலின் கொடுத்தார் என்று வையுங்கள். வந்திருப்பது சி.ஆர்.டி. (நாள்பட்ட மூச்சு நோய்) என்றால் அந்தக் காசு வீண். அதை உண்டாக்கும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்குச் செல்சுவரே கிடையாது. அந்த மருந்தோ செல்சுவரைத்தான் தாக்கும். டைலோசின், டாக்ஸிசைக்ளின் என்றால் கேட்கும். டியாமுலினும் கேட்கும், ஆனால் தீவனத்தில் ரத்தக்கழிச்சலுக்காக சாலினோமைசினோ மொனென்சினோ கலந்திருந்தால் இரண்டும் சேர்ந்து கோழியையே சாய்த்துவிடும். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை 2019-லேயே கால்நடைக்குத் தடை செய்துவிட்டார்கள். வந்தது வைரஸ் என்றால் எந்தப் பொடியும் பயனில்லை.

ஆய்வுக்கூடத்தில் அறுத்துப் பார்ப்பவர் கண்ணுக்கு விஷயம் வேறு மாதிரி தெரியும். காற்றுப் பைகள் கலங்கி நுரைத்திருந்தால் சி.ஆர்.டி.; இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் வெள்ளை ஆடை படிந்திருந்தால் கூடவே ஈ.கோலி பாக்டீரியா, நுரையீரலில் மஞ்சள் குருணை என்றால் பூஞ்சை, மூச்சுக்குழாயில் ரத்தக்கட்டி என்றால் ஐ.எல்.டி. என்ற வைரஸ் நோய். முகம் வீங்கி மூக்குச் சளி நாறினால் கொரைசா என்ற சளி நோய் என்று வெளியிலிருந்தே ஓரளவு ஊகிக்கலாம். அரை நாள் பெட்ரோலுக்குக் கிடைக்கும் இந்த விவரம், ஐந்து நாள் தப்பான பொடிக்குக் கிடைக்காது.

ஒரே ஒரு நிலையில் ஹெப்பாளுக்கும் போகக் கூடாது. நேற்றுவரை தின்ற கோழிகள் கொத்தாகச் சாய்ந்தால், கொண்டை நீலம் பாரித்தால், ஒன்றைக்கூட வண்டியில் ஏற்றாதீர்கள். கால்நடைத் துறைக்குப் போன் செய்து அவர்களை வரவழையுங்கள். 2012-ல் பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் மத்திய அரசின் கோழிப் பண்ணைக்கே பறவைக் காய்ச்சல் வந்து, பறவைகளை மொத்தமாக அழிக்க வேண்டியிருந்தது.

போன தையில் மாமா இங்கே வந்திருந்தார். படுதாவின் மேலே விட்ட ஒரு அடி இடைவெளியைப் பார்த்து முகம் சுளித்தார். இரவு ஒன்பதுக்கு விளக்கை அணைத்துவிட்டு இருவரும் நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னார்: "மூணுதான் தும்முதுங்க, மாப்ள." நான் எண்ணியது நான்கு.