சேசிஸ் நீட்டிய லாரி: குடியாத்தம் லோடுக்கு ஓட்டிய அனுபவம்

என் லாரி 17 அடி பாடியாக வந்து 20 அடியானது. சேசிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டமான ஃபிரேமை, வெட்டி நீட்டியது முந்தைய ஓனர். புது வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) ஆர்சியிலேயே ஏறியிருந்ததால்தான் வாங்கத் துணிந்தேன்.

குடியாத்தம் தீப்பெட்டியும் ஆம்பூர் ஷூ பெட்டியும் இடத்தை அடைக்கும், எடை இருக்காது. இந்த லோடுக்கு அந்த மூன்றடி காசு பார்க்க வைக்கிறது. கருங்கல், ஜல்லி அடிக்கிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். நீளம் கூடக்கூட ஃபிரேம் நடுவில் நெளிவதும் கூடும்.

வெல்டிங் விட்டுவிடும் என்றுதான் எல்லாரும் பயமுறுத்தினார்கள். விடவில்லை. நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டி ஒட்டி, உள்பக்கம் பிளேட் வைத்து போல்ட் போட்டிருந்தார்கள். விரிசல் வந்தது அந்தப் பிளேட் முடிகிற இடத்தில். பிளேட்டின் நுனி சதுரமாக விடப்பட்டிருந்தது. அதுவரை விறைப்பாக நிற்கும் ஃபிரேம் அங்கே சட்டென்று இளகுவதால் நெளிவு மொத்தமும் அந்தக் கோட்டில் விழுகிறது. அடிப்பக்கம் கழுவும்போது பெயின்ட்டில் தலைமுடி மாதிரி ஒரு கோடு, அதிலிருந்து துருக்கறை வழிந்திருந்தது. பட்டறையில் விரிசல் முடியும் இடத்தில் ஓட்டை போட்டு, தோண்டி வெல்ட் வைத்து, பிளேட் நுனியைச் சரிவாக அறுத்தார்கள். பேட்டரி ஒயரைக் கழற்றிய பிறகுதான் வெல்டிங் ராடைத் தொட விட்டேன். அப்புறம் அங்கே தொல்லை இல்லை.

என்ஜின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்தான் ஓயாத செலவு. ஷாஃப்ட் நீண்டதால் அதன் ரப்பர் சீக்கிரம் போகிறது. கிளம்பும்போது அடியில் ஓர் அதிர்வு வந்தால் தள்ளிப்போடாதீர்கள். பத்தலப்பள்ளி மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி கூடுதலாக அகலம் கேட்கும். எதிரில் பஸ் வந்தால் ஓட்டுநரின் வாயைக் கேட்கக் கூடாது!

இன்று புதிதாக நீட்டுவதா? வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு கம்பெனி அளவை மாற்ற விடாது. 2019 திருத்தப்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். பின்வாலும், அதாவது பின் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியும், வீல்பேஸில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நீள வீல்பேஸ் வண்டியைக் கம்பெனியே தருகிறது, அதை வாங்குங்கள்.

நீட்டிய பழைய வண்டிதான் கைக்கு வருகிறது என்றால், முதலில் ஆர்சியைப் பாருங்கள். அப்புறம் டார்ச்சோடு அடியில் படுத்து, பிளேட் முடிகிற எல்லா நுனிகளையும் துடைத்துப் பாருங்கள். விலை பேசுவது அதற்குப் பிறகு.