720-ஆ, 600-ஆ: நுண்விவரத்தில் எப்சனும் கேனானும்

எப்சன் ஷ்யூர்கலர் பி900-இன் விவரக்குறிப்பில் 5760 × 1440 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) என்று போட்டிருக்கும். கேனான் இமேஜ்பிராகிராஃப் புரோ-1000-இல் 2400 × 1200. இரண்டுமே 17 அங்குல அகலத் தாள் ஏற்கும், பிக்மென்ட் (நிறத்துகள்) மை பிரிண்டர்கள். எண்ணை மட்டும் பார்த்து எப்சன் இரு மடங்குக்கு மேல் நுணுக்கமானது என்று முடிவுகட்டினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

5760 டிபிஐ என்றால் துளி வைக்கக்கூடிய ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் 4.4 மைக்ரான் தூரம் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பி900-இன் மிகச்சிறிய துளி 1.5 பிக்கோலிட்டர் (பிக்கோ என்றால் லட்சம் கோடியில் ஒரு பங்கு), காற்றில் உருண்டையாக இருக்கும்போதே அதன் விட்டம் ஏறக்குறைய 14 மைக்ரான். தாளில் விழுந்தால் இன்னும் பரவும். ஆக, அடுத்தடுத்த படிகளில் விழும் துளிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஹெட் (மையைத் தெளிக்கும் பகுதி) ஒரு துளியை எவ்வளவு துல்லியமான இடத்தில் வைக்க முடியும் என்பதைத்தான் டிபிஐ சொல்கிறது. எத்தனை கோடுகளைத் தனித்தனியாகக் காட்டும் என்பது வேறு கணக்கு. புரோ-1000-இன் துளி 4 பிக்கோலிட்டர், விட்டம் 20 மைக்ரான் அளவில். வித்தியாசம் உண்டுதான், ஆனால் மேலே உள்ள எண்கள் காட்டும் அளவுக்கு இல்லை.

கவனிக்க வேண்டிய எண் டிரைவருக்குள், அதாவது கணினியிலிருந்து பிரிண்டரை இயக்கும் மென்பொருளுக்குள் இருக்கிறது. துளிகளாகப் பிரிப்பதற்கு முன், படம் அங்குலத்துக்கு இத்தனை பிக்சல் இருக்க வேண்டும் என்று டிரைவர் எதிர்பார்க்கும். எப்சனில் அது 360. 'ஃபைனஸ்ட் டீட்டெயில்' என்ற கட்டத்தை டிக் செய்தால் 720. கேனானில் 300; பிரிண்ட் தரத்தை 'ஹையெஸ்ட்' என்று வைத்தால் 600. தாள் வகையைப் பொறுத்து கேனானில் 'ஹையெஸ்ட்' தெரிவே வராமலும் போகலாம், முதலில் அதைப் பாருங்கள். எப்சன் கையேடுகள் ஃபைனஸ்ட் டீட்டெயிலை எழுத்துக்கும் கோட்டோவியத்துக்கும் உரியது என்று மட்டும் சொல்வதால், போட்டோ எடுப்பவர்கள் பலர் அதைத் தொடுவதே இல்லை. மேக்கில் ஏர்பிரிண்ட் வழியாகப் பிரிண்டரைச் சேர்த்திருந்தால் இந்தத் தெரிவுகள் கண்ணில் படாது. நிறுவனத்தின் டிரைவரையே நிறுவிச் சேர்க்க வேண்டும்.

இந்த எண்ணுக்குப் பொருந்தாத கோப்பை அனுப்பினால் டிரைவர் தானே அளவை மாற்றிக்கொள்ளும், அதுவும் பெரும்பாலும் மிக எளிய முறையில். 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) கோப்பை எப்சனின் 360-க்கு நீட்டும்போது ஐந்து பிக்சல் ஆறாக வேண்டும். அக்கம்பக்கப் பிக்சலை அப்படியே நகலெடுத்தால், ஐந்தில் ஒன்று இரட்டிக்கும். சீரான கோடுகளில் குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒன்று தடித்து நிற்கும்; சாய்கோட்டில் படிக்கட்டு தெரியும். 360 கோப்பைக் கேனானின் 300-க்கு அனுப்பினால் நேர் எதிர், ஆறில் ஒன்று காணாமல் போகும். "இந்தப் பிரிண்டர் ஷார்ப்பா இல்லை" என்ற புகார்களில் கணிசமானவை இதனால் வருபவை.

எனவே அளவு மாற்றத்தை போட்டோஷாப்பிலோ லைட்ரூமிலோ நீங்களே செய்துவிடுங்கள். தேவையான அச்சளவில் படத்தின் சொந்தப் பிக்சல்கள் 360-க்குக் கீழே வந்தால் எப்சனுக்கு 360 ஆக்குங்கள். 360-க்கும் 720-க்கும் நடுவில் வந்தால் கீழே இறக்காமல் 720-க்கு ஏற்றுங்கள். கேனானுக்கு இதே விதி 300, 600 என்று. 24 மெகாபிக்சல் படம் (6000 × 4000) 720-இல் 8.3 × 5.6 அங்குலத்துக்குத்தான் வரும். 600-இல் 10 × 6.7. அதாவது 720-இன் பலன் முழுதாகக் கிடைக்கும் இடம் கையில் பிடித்துப் பார்க்கும் சின்ன அச்சு. 45 மெகாபிக்சல் கேமரா (8256 × 5504) என்றால் கிட்டத்தட்ட ஏ4 வரை தாங்கும். 17 × 22 அங்குலத்தை 720-இல் அனுப்ப 19 கோடிக்கு மேல் பிக்சல் வேண்டும். 16 பிட் கோப்பு ஒரு ஜிபியைத் தாண்டிவிடும், பெரும்பகுதி இட்டுக்கட்டிய பிக்சல். வீண்வேலை.

ஒப்பிட்டுப் பார்க்க நினைத்தால் சோதனைக் கோப்பை ஒவ்வொரு பிரிண்டருக்கும் தனியாக வரைய வேண்டும், ஒன்றிலிருந்து மற்றொன்றை மாற்றக் கூடாது. 3 × 2 அங்குலத்துக்கு எப்சனில் 2160 × 1440 பிக்சல், கேனானில் 1800 × 1200. 1, 2, 3 பிக்சல் அகலக் கருப்பு வெள்ளைக் கோடுகள், நெடுக்கிலும் குறுக்கிலும். அதே கோடுகள் 45, 55 சதவீதச் சாம்பலில் ஒரு தொகுதி, நீலத்தின்மேல் சிவப்பில் ஒரு தொகுதி. கூடவே தலைமுடியோ பட்டுச் சரிகையோ உள்ள நிஜப் படத்தின் துண்டு. டிஃப்பாகச் சேமியுங்கள், ஜேபெக் ஒரு பிக்சல் கோட்டைக் குதறிவிடும். அச்சிடும்போது 100 சதவீத அளவு. பார்டர்லெஸ் கூடவே கூடாது, ஓரம் நிரம்புவதற்காக அது படத்தைச் சில சதவீதம் பெரிதாக்கும், சோதனையே பாழ். நாசில் செக் (மை வரும் நுண்துளைகளைச் சோதிப்பது), ஹெட் அலைன்மென்ட் முடித்துவிட்டு, எப்சனில் 'ஹை ஸ்பீட்' (ஹெட் இரு திசையிலும் அடிக்கும் தெரிவு) டிக்கை எடுத்துவிடுங்கள்.

காய்ந்த பிறகு 10 மடங்கு லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடி) பாருங்கள். பளபளப்பான ஆர்சி (பிளாஸ்டிக் பூசிய) தாளிலோ பாரிட்டாவிலோ (பேரியம் சல்பேட் அடிப்பூச்சுள்ள தாள்) எப்சனின் 720 கோடுகள் (மில்லிமீட்டருக்கு 14 கோட்டிணை, அதாவது 14 கருப்பு வெள்ளை ஜோடி) வெள்ளை இடைவெளி சாம்பல் பூத்தாலும் பிரிந்து தெரிய வேண்டும். கேனானின் 600-க்கு உச்சவரம்பே மில்லிமீட்டருக்கு 11.8. கூர்மையான கருப்பு வெள்ளை விளிம்பில் எப்சன் முந்துகிறது, இதில் சந்தேகமில்லை. சாம்பல் கோடுகளுக்கு வந்தால் இடைவெளி சுருங்கிவிடும். காரணம், இடைப்பட்ட நிறத்தை ஒரு துளி தராது. பல துளிகளைச் சிதறித்தான் உண்டாக்க வேண்டும், அந்தச் சிதறலுக்கு இடம் வேண்டும்.

எதிர்பார்த்தது வராவிட்டால் கோடுகளின் திசையே காரணம் சொல்லும். தாள் நகரும் திசையில் ஓடும் கோடுகள் மட்டும் மங்கினால், ஹெட் போகும்போதும் வரும்போதும் விழும் துளிகள் பொருந்தவில்லை: அலைன்மென்ட், அல்லது எப்சனில் 'ஹை ஸ்பீட்' டிக் எடுபடவில்லை. அதற்குக் குறுக்கானவை மங்கினால் தாள் நகர்வில் பிழை. சீரான இடைவெளியில் தடிமன் மாறினால் அளவு மாற்றம் எங்கோ நடக்கிறது. ஒரு பிக்சல் கோடுகள் மொத்தமும் ஒரே நிறமானால் டிரைவர் 360 அல்லது 300-இலேயே நிற்கிறது. எல்லாமே பிசிறடித்தால் தாள் வகை தவறு, அல்லது பூச்சில்லாத பக்கத்தில் அடித்திருக்கிறீர்கள். தடித்த தாளுக்கென்று பிளாட்டன் இடைவெளியை (ஹெட்டுக்கும் தாளுக்கும் உள்ள தூரம்) ஏற்றிவிட்டு மெல்லிய தாளுக்கு இறக்க மறந்தாலும் துளிகள் வழிதவறி விளிம்பு கெடும்.

மேட் காட்டன் தாளுக்கு மாறினால் இந்தப் போட்டியே ஏறக்குறைய முடிந்துவிடும். மை பரவி, 720-க்கும் 360-க்கும் உள்ள வித்தியாசத்தைத் தாள் விழுங்கிவிடும். மேட்டில் நேரத்தை 720-க்குச் செலவழிப்பதில் பொருளில்லை.

வெறும் கண்ணுக்கு? 25 செ.மீ. தூரத்தில் சராசரிப் பார்வைக்குப் பிரிந்து தெரியும் மிகச்சிறிய இடைவெளி 0.07 மி.மீ., அதாவது 350 பிபிஐ அருகில். அதற்கு மேலே கிடைப்பது சாய்கோடுகளின் வழவழப்பு, பொடி எழுத்தின் விளிம்பு, இலைநரம்பின் துடிப்பு ஆகியவைதான். 720-க்குப் போனவர்கள் "முன்பைவிட மிருதுவாக இருக்கிறதே" என்பதும் உண்டு. ஷார்ப்பனிங் ஆரத்தை (கூர்மையாக்க விளிம்பில் சேரும் கோட்டின் அகலம், பிக்சல் கணக்கில்) மாற்றாமல் விட்டிருப்பார்கள்: பிக்சல் பாதியானதும் அந்த விளிம்புக் கோடும் தாளில் பாதியாகிவிடும். 360-இல் 1 என்றால் 720-இல் 2 வையுங்கள்.

நிலப்படம், தபால்தலை, ஓவியப் பிரதி, கைக்கடக்க ஆல்பம் என்று கிட்ட வைத்துப் பார்ப்பதே தொழில் என்றால் பி900. சுவரில் மாட்டும் ஏ2 என்றால் 120 பிக்சல் கூடுதல் குறைவை யாரும் பார்க்கப் போவதில்லை. அங்கே புரோ-1000-இன் குரோமா ஆப்டிமைசர் என்ற நிறமற்ற பூச்சு நிழல் பகுதிகளின் மேற்பரப்பைச் சமப்படுத்தி, பக்கவாட்டு வெளிச்சத்திலும் கருமைக்குள் விவரம் தெரிய வைக்கும். கேனானில் ஒரு நாசில் அடைத்தால் வேறொன்று அதன் வேலையை எடுத்துக்கொள்ளும். எப்சனில் அடைத்த நாசில் அடைத்ததுதான். கிளீனிங் ஓட்டி அது திறக்கும்வரை, 720-இல் அடித்தாலும் படத்தில் வரி விழும்.