மட்டக்களப்பில் கடைக்காரர் மூலம் கணினி விளையாட்டு வாங்குவோர் கவனத்திற்கு

மட்டக்களப்பு நகரில், தமது கடனட்டையைப் பயன்படுத்தி, இணையத்தில் விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் கணினி விளையாட்டுகளை வாங்கித் தரும் கடைகள் சில இருக்கின்றன. கடனட்டை இல்லாத மாணவர்களுக்கு அவற்றை விட்டால் வேறு வழி குறைவு. அவ்வாறான ஒரு கடையில், 2023 டிசெம்பர் 9ஆம் திகதி சனிக்கிழமை, என் மருமகனுக்காக 16,500 ரூபா கொடுத்து ஒரு விளையாட்டை வாங்கினேன். இரண்டு நாட்களில் அந்த விளையாட்டு கைவிடப்பட்டது. அதன் விலையையும் சில நாட்களில் ஸ்டீம் திருப்பிக் கொடுத்தது. ஆனால் அந்தக் காசில் ஒரு சதம்கூட இன்றுவரை எங்கள் கைக்கு வரவில்லை. விடயம் மத்தியஸ்த சபையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மருமகன் செங்கலடியில் இருக்கிறான், உயர்தரம் படிக்கிறான். அந்த 16,500 ரூபாவில் 9,000 ரூபா அவனுடைய சொந்தச் சேமிப்பு. நூறு ரூபாத் தாள்களையும் ஐம்பது ரூபாத் தாள்களையும் அடுக்கி, இறப்பர் வளையம் போட்டுப் பழைய பென்சில் பெட்டிக்குள் வைத்திருந்தான். மிகுதியை நான் போட்டேன். அவன் கேட்டது 'த டே பிஃபோர்' என்ற விளையாட்டு. 2021 ஜனவரியில் அதன் முன்னோட்டக் காணொளி வெளிவந்த நாளிலிருந்து அவன் அதற்காகக் காத்திருந்தான். ஸொம்பிகள் எனப்படும் நடமாடும் பிணங்கள் நிறைந்த பெரிய நகரம், விரும்பிய திசையில் போகக்கூடிய திறந்த உலகம், பல வீரர்கள் ஒரே உலகில் சேர்ந்து உயிர்பிழைக்கப் போராடும் அமைப்பு என்றெல்லாம் அந்தக் காணொளிகள் காட்டின. ஸ்டீம் தளத்தில் மிக அதிகமானோர் விருப்பப் பட்டியலில் சேர்த்து வைத்த விளையாட்டுகளில் அதுவும் ஒன்று. வெளியீட்டுத் திகதி 2022இலிருந்து 2023 மார்ச்சுக்கும், பின்னர் நவம்பருக்கும், கடைசியாக டிசெம்பர் 7க்கும் தள்ளிப் போனபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

நாங்கள் போன அன்று நல்ல மழை. கடைச் சுவரில் இருந்த பெரிய தொலைக்காட்சியில் அதே பழைய முன்னோட்டக் காணொளி திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. சேற்றுப் பாதையில் போகும் வாகனமும், ஆளில்லாத வணிக வளாகமும், இருட்டில் விழும் கைவிளக்கு வெளிச்சமும் பார்க்க மிகவும் அழகாகத்தான் இருந்தன. மருமகன் குடையை மடக்கவும் மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றான். விளையாடிப் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று நான் கடைக்காரரிடம் கேட்டேன். "ஒண்டும் யோசிக்காதீங்க சேர். முந்தாநாள்தான் வந்தது, இனித்தான் எழுதுவாங்க. முழு உலகமும் இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தது," என்றார்.

அவர் சொன்னது உண்மையல்ல. விளையாட்டு வெளிவந்த முதல் நாளே ஆயிரக்கணக்கானோர் எழுதிவிட்டார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் அதை வாங்க வேண்டாம் என்றே எழுதினார்கள். ஸ்டீம் தளம் ஒரு விளையாட்டுக்குக் கொடுக்கக்கூடிய ஆகக் கீழ்நிலையான மதிப்பீடு அன்றே அதன் பக்கத்தில் ஏறிவிட்டது. எங்களுக்காக வாங்கும் பொத்தானை அழுத்திய கடைக்காரர் அதே பக்கத்தைத்தான் திறந்து வைத்திருந்தார். அவருடைய திரை எங்கள் பக்கம் திரும்பியிருக்கவில்லை.

விமர்சனங்கள் சொன்னதைப் பிறகு நான் நேரம் எடுத்து வாசித்தேன். முதல் நாளில் ஒரே நேரத்தில் 38,000க்கு மேற்பட்டோர் உள்ளே போயிருக்கிறார்கள், விளையாட்டை இணையத்தில் இயக்கும் சேவையகங்கள் தாங்காமல் பலர் வெளியிலேயே நின்றிருக்கிறார்கள். அதை ஒரு குற்றமாக நான் எடுக்கவில்லை. புதிய இணைய விளையாட்டுகள் பலவற்றுக்கும் முதல் நாளில் அந்தத் தொல்லை வரும். விமர்சகர்களின் முக்கியமான குற்றச்சாட்டு வேறு. திறந்த உலகம் என்று விளம்பரப்படுத்தப்பட்டது, உள்ளே போனால் ஒரு நகரத்துக்குள் நுழைந்து, பொருட்களைப் பொறுக்கி, சுடுபடாமல் வெளியே வந்து சேரும் விளையாட்டாக இருந்தது. இடையில் இறந்தால் சேர்த்தது போய்விடும். பல வீரர்கள் வாழும் பேருலகம் என்ற பேச்சு ஒரு சேவையகத்தில் சில பத்துப் பேர் என்று சுருங்கியிருந்தது. ஸொம்பி விளையாட்டு என்ற பெயருக்கு ஸொம்பிகளே அரிதாகத்தான் தென்பட்டன. கையால் அடிக்கவோ கத்தியால் குத்தவோ வழியில்லை. கட்டடங்களில் பலவற்றுக்குள் நுழைய முடியவில்லை. விளையாட்டு விமர்சனங்களை வெளியிடும் ஐஜிஎன் தளம் பத்துக்கு 1 புள்ளி கொடுத்தது. டிசெம்பர் 11ஆம் திகதி, அதாவது வெளிவந்து நான்காம் நாள், விளையாட்டு நிதி ரீதியாகத் தோல்வியடைந்துவிட்டது என்றும் நிறுவனத்தை மூடுகிறோம் என்றும் உருவாக்கியவர்களே அறிவித்தார்கள். 2024 ஜனவரி 22ஆம் திகதி சேவையகங்களும் நிறுத்தப்பட்டன. 39.99 டொலர் என்று விலையிட்டு விற்ற பொருளின் ஆயுள் ஏழு வாரத்தை எட்டவில்லை.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாதகமான விமர்சனம் வந்த விளையாட்டை எல்லாம் ஒதுக்கச் சொல்லி நான் இதை எழுதவில்லை. அதே வகையைச் சேர்ந்த 'டேஸ் கோன்' 2019 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுக் கருவிக்கு வந்தபோது, தொழில்நுட்பக் கோளாறுகள் இருக்கின்றன, பணிகள் ஒரே மாதிரி வருகின்றன, கதை சூடுபிடிக்க நெடுநேரமாகிறது என்று விமர்சகர்கள் குறை சொன்னார்கள். விமர்சகர்களின் புள்ளிகளைத் தொகுக்கும் மெட்டாகிரிடிக் தளத்தில் அதன் சராசரி நூற்றுக்கு 71தான். ஆனால் நூற்றுக்கணக்கான ஸொம்பிகள் கூட்டமாகத் துரத்தும் கட்டங்களைக் குறை சொன்னவர்களில் பலரும் பாராட்டினார்கள். கோளாறுகள் திருத்தப்பட்டு 2021 மே மாதம் கணினிக்கு வந்தபோது விளையாடியவர்கள் அதை விரும்பி ஏற்றுக்கொண்டார்கள். முழுமையடைவதற்கு முன்பே விற்கும் ஏர்லி அக்சஸ் முறையையும் நான் பழிக்கமாட்டேன். 'ப்ராஜெக்ட் ஸொம்பொய்ட்' 2013இலிருந்து அந்த நிலையிலேயே ஸ்டீமில் விற்பனையாகி, வருடக்கணக்காக வளர்ந்து, பெரும் மதிப்பைப் பெற்றிருக்கிறது. புள்ளியை மட்டும் பார்க்காமல் எதைக் குறை சொல்கிறார்கள் என்று வாசித்தால் வேறுபாடு தெரிந்துவிடும். 'டேஸ் கோன்' பற்றி எழுதியவர்கள் விளையாட்டில் உள்ள குறைகளை எழுதினார்கள். 'த டே பிஃபோர்' பற்றி எழுதியவர்கள், காட்டிய பொருள் வேறு, விற்ற பொருள் வேறு என்று எழுதினார்கள். பத்து நிமிடம் அன்று கடையில் நின்று அதை வாசித்திருந்தால் பென்சில் பெட்டிக் காசு வீட்டிலேயே இருந்திருக்கும்.

இனிக் காசு விடயம். கடைக்காரர் விளையாட்டை மருமகனின் கணக்கில் நேரடியாக வாங்கவில்லை. தன் கணக்கில் வாங்கி, அவனுக்குப் பரிசாக அனுப்பினார். அதன் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. ஸ்டீமில் வழமையாக, வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால்தான் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். இந்த விளையாட்டுக்கு அந்த வரையறையைப் பார்க்காமல் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். மருமகனும் கேட்டான். ஆனால் பரிசாக வந்த விளையாட்டுக்குப் பெற்றவர் விண்ணப்பித்தாலும், பணம் முதலில் வாங்கியவருக்கே திரும்பிப் போகும் என்பது ஸ்டீமின் விதி. அவனுடைய கணக்கிலிருந்து விளையாட்டு நீங்கியது, காசு கடைக்காரருக்குப் போனது.

அவன் இரண்டு தடவை பஸ் ஏறி வந்து கேட்டிருக்கிறான். ஸ்டீம் இன்னும் தரவில்லை, வந்தால் அழைக்கிறேன் என்று அனுப்பிவிட்டார்கள். பெரியவர்களிடம் சொன்னால் விளையாட்டுக்குக் காசைக் கரியாக்கினாய் என்று பேச்சு விழும் என்ற பயத்தில் வாய் திறக்காமல் இருந்திருக்கிறான். சித்திரைப் புத்தாண்டுக்குக் கல்லடியில் எங்கள் வீட்டுக்கு வந்தபோதுதான், "மாமா, அந்தக் காசு டிசெம்பரிலேயே திரும்பிப் போயிட்டு," என்று சொல்லித் தன் கைப்பேசியில் மின்னஞ்சலைக் காட்டினான். பணம் பரிசு கொடுத்தவருக்கு மீளளிக்கப்பட்டதாக அதில் தெளிவாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அடுத்த கிழமை நான் கடைக்குப் போனேன். தொலைக்காட்சியில் இப்போது வேறொரு விளையாட்டின் காணொளி ஓடியது. தான் செய்தது வாங்கிக் கொடுக்கும் சேவை மட்டுமே என்றும், சேவைக் கட்டணம் திருப்பித் தரப்படாது என்றும் கடைக்காரர் சொன்னார். முழு 16,500 ரூபாவுமா சேவைக் கட்டணம் என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

எங்கள் கையில் இருந்த பற்றுச்சீட்டு, அப்பியாசக் கொப்பியில் கிழித்த அரைத்தாள். "கேம் 1 – 16,500" என்று எழுதியிருந்தது. விளையாட்டின் பெயர் இல்லை, திகதி இல்லை, கடை முத்திரை இல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, வாங்குபவர் கேட்டால் திகதியும் விலையும் குறித்த பற்றுச்சீட்டை வியாபாரி கொடுக்க வேண்டும். நான் கேட்கவில்லை. அதே சட்டப்படி அதிகார சபைக்கு எழுத்து மூல முறைப்பாடு மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். எனக்கு விடயம் தெரிய வந்தபோது நான்கு மாதம் கடந்திருந்தது. அதனால்தான் மத்தியஸ்த சபைக்குப் போனேன். நீங்கள் காலக்கெடுவுக்குள் இருந்தால் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்தை உடனே அழையுங்கள்.

கடைக்காரர் மூலம்தான் வாங்க வேண்டுமென்றால், வாங்கும் பக்கத்தை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி விமர்சனங்களை முதலில் வாசியுங்கள். பிள்ளையின் சொந்தக் கணக்கில் நேரடியாக வாங்கச் சொல்லுங்கள். பரிசாகத்தான் அனுப்ப முடியும் என்றால், பணம் திரும்பினால் யாருக்குச் சேரும் என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். 2023 டிசெம்பரில் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இதே விளையாட்டைக் கடை மூலம் வாங்கிய பெற்றோர் இருந்தால், பிள்ளையை ஏசாமல் அருகில் இருத்தி, அந்த மாதத்தின் ஸ்டீம் மின்னஞ்சல்களை ஒருமுறை திறந்து பாருங்கள். காசு யாரிடம் போனது என்பது அதில் எழுதியிருக்கும்.